பதிவேட்டில் அப்பாயி

சுவா சூ காங்கில் வீடு என்று சொன்னால், கேட்பவர்களில் பாதிப் பேர் அடுத்து கேட்பது, “கல்லறைப் பக்கமா?” என்பதுதான். இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டது. எங்கள் புளோக் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியது. கல்லறை பழைய சுவா சூ காங் ரோட்டுப் பக்கம், பேருந்தில் போகவேண்டிய தூரம். ஆனாலும் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரில் இன்று புதைப்பதற்குத் திறந்திருக்கும் ஒரே இடுகாடு அதுதான்.

ஊரிலிருந்து வரும் உறவினர்களிடம் அந்த இடத்தைப் பற்றி ஒரு தகவல் சொன்னால் திடுக்கிட்டுப் போவார்கள். அங்கே ஒரு கல்லறையின் ஆயுள் 15 ஆண்டுகள். 1998ல் வந்த விதி இது. காலக்கெடு முடிந்ததும் தோண்டி எடுக்கிறார்கள். சமய வழக்கப்படி புதைத்தே ஆகவேண்டியவர்களைக் குறைந்த இடத்தில் மறுபடியும் புதைக்கிறார்கள். மற்றவர்களுடைய எலும்புகள் தகனம் செய்யப்படுகின்றன. பழைய கல்லறைகளுக்கும் நிரந்தரம் இல்லை. தெங்கா ஆகாயப்படைத் தளத்தை விரிவாக்குவதற்காக ஏறத்தாழ 45,500 சீனக் கல்லறைகளும் 35,000 முஸ்லிம் கல்லறைகளும் தோண்டப்படும் என்று 2017ல் அறிவித்தார்கள். 2021ல் அதே வளாகத்தில் அஸ்தியைத் தூவுவதற்கென ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. மரமும் புல்லுமாக அமைதியான இடம். அங்கே யாருடைய பெயரையும் எழுதி வைக்க அனுமதி இல்லை.

இடம் குறைந்த நாட்டில் வேறு வழியும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் மண்டாயில் எரித்து, அஸ்தியைக் கடலில் கரைத்துவிடுகிறோம். நமக்குக் கல்லே கிடையாது. அப்படியென்றால் ஒருவர் இங்கே பிறந்தார், வாழ்ந்தார், போனார் என்பதற்கு எஞ்சி நிற்கும் சாட்சி எது? பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் இருக்கும் ஒரு வரி. அந்த ஒரு வரியின் கனம் எவ்வளவு என்பதை எங்கள் குடும்பத்து மரணங்கள் எனக்குக் காட்டின.

அப்பா 2023ல் வீட்டிலேயே காலமானார். புற்றுநோய், கடைசி இரண்டு மாதம் தாதியர் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டார்கள். விடிவதற்கு முன் மூச்சு நின்றது. தகவல் சொன்னதும் மருத்துவர் வந்தார், பார்த்தார், மரணத்தின் காரணத்தை இணையத்தில் பதிவுசெய்தார். அவ்வளவுதான். இறப்பு தானாகவே அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது. நாங்கள் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. அடையாள அட்டை எண், ஆவண எண், இறந்த தேதி ஆகியவற்றைக் கொடுத்து ‘மை லெகசி’ இணையத்தளத்திலிருந்து மின்னிலக்கச் சான்றிதழை அண்ணன் கைப்பேசியில் இறக்கிக்கொண்டார். நான் அப்பாவின் கட்டிலருகே அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்க முடிந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

2009ல் அம்மா போனபோது அப்படி இல்லை. அம்மாவும் வீட்டில்தான் இறந்தார். மருத்துவர் கொடுத்த தாளையும் அடையாள அட்டைகளையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு, அழுது வீங்கிய முகத்தோடு அண்ணன் அக்கம்பக்கப் போலிஸ் நிலையத்துக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தார். 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. அங்கிருந்தவர்கள் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் பெற்ற தாய் கூடத்தில் கிடக்க, மகன் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான்.

இந்த மாற்றம் 2022ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி வந்தது. 2021ல் நிறைவேற்றிய பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அன்று நடப்புக்கு வந்தது. அதிலிருந்து பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் மின்னிலக்க வடிவில் மட்டுமே தரப்படுகின்றன. உண்மையா போலியா என்று பார்க்க அதில் கியூஆர் குறியீடு இருக்கிறது. குழந்தை பிறந்தால் 42 நாள்களுக்குள் ‘லைஃப்எஸ்ஜி’ செயலியில் பதிந்துவிடலாம். கட்டணம் 18 வெள்ளி. பச்சை உடம்போடு இருக்கும் தாய் எங்கும் போய்க் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு அன்று கிடைக்கும் எண்ணே பிறகு பள்ளிக்கும், தேசிய சேவைக்கும், மத்திய சேம நிதிக்கும், கடைசியில் இறப்புச் சான்றிதழுக்கும் தொடர்கிறது.

சிங்கப்பூரில் பதிவு என்பது புதிதல்ல. 1872 முதலே பிறப்பும் இறப்பும் பதிவாகி வருகின்றன. அந்தப் பழைய ஏடுகளின் அருமை எங்களுக்குத் தெரிந்தது அப்பாவின் காரியங்கள் முடிந்த பிறகுதான்.

தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் எங்களுக்கு இரண்டு மா நஞ்சை உண்டு. தாத்தா சிங்கப்பூரில் சம்பாதித்து வாங்கியது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து, மாதாமாதம் அனுப்பிய பணத்தில் வாங்கிய நிலம். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை உழுது வருபவர் சின்னத் தாத்தாவின் குடும்பம். இப்போது எங்கள் சித்தப்பா. ஆனால் பட்டா இன்னும் தாத்தாவின் பெயரில் இருக்கிறது. அதனால் சித்தப்பாவுக்குப் பயிர்க்கடன் கிடைப்பதில்லை, வெள்ளத்தில் பயிர் அழுகினால் நிவாரணமும் இழுபறி. அத்தை, அண்ணன், நான் மூவரும் பேசி, உழுகிறவர் பெயருக்கே எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தோம். அப்பாவின் கடைசி ஆசையும் அதுவே. “மண்ணு யார் காலு பட்டதோ அவங்களுதுதான்” என்பார்.

கொடுப்பதற்கும் தாள் வேண்டும். தாத்தாவுக்கு யார் யார் வாரிசு என்பதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தாத்தா இறந்ததற்கும், அவர் மனைவி, அதாவது எங்கள் அப்பாயி, இறந்ததற்கும், மகனான அப்பா இறந்ததற்கும் சான்று வேண்டும். மூன்று மரணங்கள், இரண்டு நாடுகள்.

தாத்தா 1969ல் சிங்கப்பூரில் இறந்தவர். அவருடைய இறப்புப் பதிவின் நகல் கேட்டு குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் இணையத்தில் விண்ணப்பித்தோம். கிடைத்தது. பெயர், வயது, முகவரி, மரணத்தின் காரணம் எல்லாம் இருந்தன. நான் பிறப்பதற்கு முன்பே போன தாத்தாவை, தட்டச்சு எழுத்துகளில், முதன்முதலாகச் சந்தித்தது போலிருந்தது. நெஞ்சுவலி என்று மட்டுமே வீட்டில் பேசிக்கொண்டிருந்த சாவுக்கு அதில் ஒரு மருத்துவப் பெயர் இருந்தது. அந்தத் தகவலைப் பார்த்த மருத்துவர் அண்ணனுக்கு இதயப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பதிவேடு இப்படியும் உதவும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

அப்பாவின் சான்றிதழில் சிக்கல் வேறு மாதிரி. கைப்பேசியில் இறக்கிய தாளை அச்செடுத்து ஊருக்கு அனுப்பினோம். சித்தப்பா கொண்டுபோன ஓர் அலுவலகத்தில், “இதுல சீல் எங்கே? கையெழுத்து எங்கே?” என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். கியூஆர் குறியீட்டைக் காட்டியும் பயனில்லை. ஒரு நாட்டில் முத்திரையே தேவைப்படாத அளவுக்கு முறை முன்னேறிவிட்டது. இன்னொரு நாட்டு மேசையில் முத்திரை இல்லாத தாள் தாளே அல்ல. இதற்கு வழி இருக்கிறது. ஒரு நாட்டின் ஆவணம் உண்மையானது என்று இன்னொரு நாட்டுக்கு உறுதி சொல்லும் ‘அப்போஸ்டில்’ என்ற சான்றொப்பம். அந்த உடன்படிக்கையில் இந்தியா 2005 முதலும் சிங்கப்பூர் 2021 முதலும் இருக்கின்றன. அதற்கு முன்பெல்லாம் தூதரகம் வரை போய்த் தாளை நகர்த்த வேண்டும். அந்தச் சான்றொப்பத்தோடு அனுப்பியதும் வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கியவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். “சான்றிதழில் கோவிந்தன் என்று இருக்கிறது. ஊர்ப் பத்திரத்தில் கோவிந்தராசு என்று இருக்கிறது. இருவரும் ஒருவரா?”

ஒருவர்தான். அப்பா பிறந்தது 1947ல். சுதந்திரம் வந்த வருஷம், ஐப்பசி அடைமழையில் பிறந்தவன் என்று அப்பாயி சொல்வாராம். 1955ல் அப்பாயியோடு நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறி வந்தார். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. இங்கே படிவத்தில் யாரோ வருஷத்தை மட்டும் கேட்டு, 1947 ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். பெயரையும் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஆக, தாளில் அப்பா தன் உண்மை வயதைவிடப் பத்து மாதம் மூத்தவர். வேலை ஓய்விலும் அந்தப் பத்து மாதம் கழிந்தது. “எனக்கு ரெண்டு பொறந்தநாள், ஒண்ணு அரசாங்கத்துக்கு, ஒண்ணு அப்பாயிக்கு” என்று சிரிப்பார். அப்பா வயதுக்காரர்கள் பலரிடம் ஜனவரி 1 பிறந்தநாள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவ்வளவு பேரும் புத்தாண்டில் பிறந்தவர்கள் அல்லர்.

இரண்டு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி அதைத் தீர்த்தோம். மிஞ்சியது அப்பாயி.

அப்பாயிக்கு இங்கே உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. 1962ல் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய அத்தையை மட்டும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். 1964ல் காய்ச்சலில் இறந்துபோனார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது என்கிறார்கள். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899லேயே சட்டம் உண்டு. கிராமங்களில் முன்சீப்பிடம் ஏடு இருந்தது. யாராவது போய்ச் சொன்னால்தான் எழுதுவார். வீட்டு ஆண்கள் இருவரும் சிங்கப்பூரில். யார் போய்ச் சொல்வார்கள்? ஏட்டில் அந்த ஆண்டின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அப்பாயி இல்லை.

பிறப்புப் பதிவும் இல்லை. வாக்காளர் பட்டியலில் தேடினோம், கிடைக்கவில்லை. நிலம் அவர் பெயரில் வாங்கப்படவில்லை. புகைப்படம்கூட கிடையாது. இன்னொரு வேடிக்கை, ஊரில் யாருக்கும் அவர் பெயரே தெரியவில்லை. எல்லாருக்கும் அவர் “சிங்கப்பூராத்தா”. அந்தப் பட்டப்பெயரோடு வாழ்ந்து, அதோடு போய்ச் சேர்ந்துவிட்டார். “பேரு என்னன்னு எழுதறது?” என்று சித்தப்பா தொலைபேசியில் கேட்டபோது அண்ணனிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அப்பாவிடம் கேட்க அப்பா இல்லை.

அத்தைதான் ஈசூனில் இருக்கும் தன் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே, நான்காக மடித்த, ஓரம் பழுப்பேறிய தாள். அத்தையின் பிறப்புச் சான்றிதழ். 1958, கண்டாங் கிர்பாவ் மருத்துவமனை. பின்னாளில், 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற அதே ‘கேகே’ மருத்துவமனை. அவ்வளவு நெரிசலிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாள் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாளில், தாயின் பெயர் என்ற கட்டத்துக்கு எதிரே, ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: அஞ்சலை.

ஓர் அரசாங்கத் தாளில் அப்பாயியின் பெயர் இருக்கும் ஒரே இடம் அதுதான். அவருக்காக எழுதிய தாளுமல்ல. மகள் பிறந்ததற்காக எழுதியது. யாரோ ஒரு தாதியோ எழுத்தரோ, வரிசையில் நூறு பேர் காத்திருக்கும்போதும், “அம்மா பேரென்ன?” என்று கேட்டு அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். அத்தைக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல். தன் அம்மா இறந்தபோது ஆறு வயது. அவர் முகம் நினைவில் இல்லை. அந்த எழுத்தை விரலால் தடவிக்கொண்டு, “எங்கம்மா கண்டவங்க கேட்டாலும் பேரு சொல்லாதாம். இங்க சொல்லியிருக்கு பாரு” என்றார்.

அந்தத் தாள் வேறொன்றும் செய்திருந்தது. அப்பாயி இறந்த பிறகு ஊரில் தனியாக நின்ற ஆறு வயதுப் பிள்ளையைத் தாத்தா சிங்கப்பூருக்குத் திரும்ப அழைத்துக்கொள்ள முடிந்தது அதனால்தான். இங்கே பிறந்தவள் என்பதற்கு ஆதாரம் இருந்தது. இல்லையென்றால் அத்தையின் வாழ்க்கையே வேறாகப் போயிருக்கும்.

இப்போது அப்பாயியின் இறப்பைத் தாமதமாகப் பதிய விண்ணப்பித்திருக்கிறோம். இந்தியாவில் 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். ஓராண்டு தாண்டிவிட்டால் நடுவர் அதிகாரம் உள்ளவரின் உத்தரவு வேண்டும். அறுபது ஆண்டு தாண்டிய மரணத்துக்குச் சாட்சி யார்? ஊரில் தொண்ணூறை நெருங்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். சிங்கப்பூராத்தாவின் பாடையைத் தூக்கிப் போனதைத் திண்ணையிலிருந்து பார்த்தவர். அவர் வாக்குமூலமும் அத்தையின் பிறப்புச் சான்றிதழும்தான் கோப்பில் இருக்கும் ஆதாரங்கள். கோப்பு நகர்கிறது, மெதுவாக. மூதாட்டியின் உடல்நிலையைச் சித்தப்பா வாராவாரம் விசாரித்துச் சொல்கிறார்.

எங்கள் குடும்பத்தில் பதிவாகாத இன்னொரு சாவும் உண்டு. தாத்தாவின் அண்ணன், பெரிய தாத்தா, மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடித்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. 1942, 43ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட பாதை அது. அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்கு காஞ்சனபுரி போர்க் கல்லறையில் வரிசை வரிசையாகக் கல் இருக்கிறது. படையில் பெயர்ப்பட்டியல் இருந்ததால் அவர்களைத் தேடி அடையாளம் காண முடிந்தது. அதே பாதையில் இறந்த தமிழ், மலாய், பர்மியத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர். எத்தனை ஆயிரம் என்பதில் ஆய்வாளருக்கு ஆய்வாளர் கணக்கு மாறுகிறது. பட்டியல் எழுதிவைக்க யாரும் இல்லாததால்தான் அப்படி. பெரியம்மாயி கடைசி வரை தாலியைக் கழற்றவில்லையாம். செத்துப்போனதாக யாரும் எழுதித் தரவில்லையே என்பாராம்.

இலங்கையில் இந்த வலி இன்றும் ஆறவில்லை. 2009ல் போர் முடிந்த பிறகு, காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் வழங்க 2010ல் தற்காலிகச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். பல தாய்மார்கள் அதை வாங்க மறுத்தார்கள். மகன் இறந்துவிட்டான் என்ற தாளில் தாயே எப்படிக் கையெழுத்துப் போடுவாள்? ஆனால் தாள் இல்லாமல் வங்கிப் பணம், காணி, பிள்ளைகளுக்கான உதவி எதுவும் அசையாது. 2016ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் தனிச் சான்றிதழுக்கு இடம் தந்தார்கள். தாய்மார்களின் கேள்விக்கு அது பதிலாகிவிடாது. ஆனால் தெரியாத ஒன்றை உண்மை என்று எழுதச் சொல்லாமல் இருப்பதும் ஒரு பதிவேட்டின் கடமைதான்.

உலக அளவில் பார்த்தால் இன்றும் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகளின் பிறப்பு பதிவாகவில்லை என்று யுனிசெஃப் 2024ல் தெரிவித்தது. 2030க்குள் எல்லாருக்கும் சட்டபூர்வ அடையாளம் என்பது ஐநாவின் நீடித்த நிலைத்தன்மை இலக்குகளில் ஒன்று. இந்தியா 2023ல் தன் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும், வாக்காளர் பட்டியலில் இடம்பெறவும், அரசாங்க வேலைக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழே. முறை இறுக இறுக, முதல் நாள் எழுதும் வரியின் முக்கியத்துவமும் கூடுகிறது. எங்கள் அப்பா காலத்தில் பிழையாக எழுதினால் பிறகு ஒருவர் பேனாவால் திருத்துவார். இன்று ஒரு தகவல் பத்து அமைப்புகளுக்குத் தானாகவே போய்ச் சேருகிறது. சரியான தகவல் அப்படிப் போகிறது, பிழையும் அப்படியே போகிறது.

அதனால் இளம் பெற்றோரிடம் சில வார்த்தைகள். சுவா சூ காங்கையும் பக்கத்துத் தெங்கா புதுநகரையும் சுற்றினால் மின்தூக்கிக்கு மின்தூக்கி தள்ளுவண்டிகள். நம் பிள்ளைகள் பிறந்த கையோடு, கண்விழித்த களைப்பில், கைப்பேசியில் பெயரைத் தட்டச்சு செய்கிறோம். தட்டுவதற்கு முன் நிதானமாக ஒரு முறை எழுத்துக்கூட்டிப் பாருங்கள். லட்சுமி, லெட்சுமி, லக்ஷ்மி என்று மூன்று உறவினர் மூன்று விதமாக எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அது ஆறு விதமாகும். உங்கள் பெயர் உங்கள் கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் பெற்றோர் கட்டத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தகப்பன் பெயர் விஷயத்தில் நாம் எல்லாரையும்விடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஊரில் ஒரு முதலெழுத்து, சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’, இந்தியக் கடப்பிதழில் குடும்பப்பெயர் என்ற கட்டம். ஒரே தகப்பன் மூன்று இடத்தில் மூன்று விதமாக நிற்கிறார். எது வேண்டும் என்று பிறப்பன்றே முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே பின்பற்றுவது நல்லது.

இந்தியக் குடிமக்களாக இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு தகவல். சிங்கப்பூரில் பிறந்துவிட்டதாலேயே குழந்தைக்கு இந்நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. இங்கே பெறும் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவத்துக்குப் போகிறவர்களும் கவனியுங்கள். அங்கே குழந்தையின் பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதிந்துவிடலாம். பெயரை ஓராண்டுக்குள் இலவசமாகச் சேர்க்கலாம். பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. பெயர் வைக்கும் விழாவை விமரிசையாகச் செய்துவிட்டு, ஏட்டில் பெயரைச் சேர்க்க மறந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் பிள்ளை பதினேழு வயதில் கடப்பிதழ் எடுக்கப் போகும்போதுதான் பதிவேட்டில் தான் வெறும் “ஆண் குழந்தை” என்பது தெரியும்.

இறப்பில் குடும்பத்துக்கு வேலை மிகவும் குறைந்திருக்கிறது. ஆனாலும் ‘மை லெகசி’ தளத்திலிருந்து சான்றிதழை 30 நாள்களுக்குள் இறக்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். துக்கத்தில் நாள் போவது தெரியாது. வெளிநாட்டில் சொத்தோ வாரிசோ இருந்தால் சான்றொப்பத்தையும் சேர்த்தே செய்துவிடுங்கள்.

முறைகள் இன்னும் மேம்படும். ஒரு நாட்டின் கியூஆர் குறியீட்டை இன்னொரு நாட்டு மேசை நம்பும் நாளும் வரும். ஆனால் எவ்வளவு நல்ல முறையாக இருந்தாலும், பதிவேடு நம்மிடம் கேள்விதான் கேட்க முடியும். பெயர் என்ன, தாயின் பெயர் என்ன, பிறந்தது எங்கே, எப்போது? விடை குடும்பத்திடம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு பிஸ்கட் டின்னில், தற்செயலாக இருந்தது.

போன பள்ளி விடுமுறையில் என் பிள்ளைகள் இருவரையும் அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனேன். பெரியவள் மடிக்கணினியைத் திறந்துகொண்டாள். அத்தை சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள். இரண்டு பக்கத்து உறவிலும் நினைவில் இருக்கும் அத்தனை பேரின் பெயரும், தாளில் உள்ளபடியும் வீட்டில் கூப்பிட்டபடியும். பிறந்த ஊர், இறந்த ஊர், தெரிந்த வருஷம். தெரியாததற்கு எதிரே ‘தெரியாது’ என்றே எழுதச் சொன்னேன். பெண்களின் வரிசை வந்தபோது அத்தை நிறைய இடங்களில் நின்று யோசித்தார். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று நினைவிருந்தது, பெயர் வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் நாற்பத்து மூன்று பெயர்கள் சேர்ந்தன. பதினொரு கட்டங்கள் இன்னும் காலி.

அந்தப் பட்டியல் எந்த அலுவலகத்திலும் செல்லாது. இருந்தாலும் மூன்று பிரதி எடுத்து மூன்று வீட்டிலும் வைத்திருக்கிறோம். காலிக் கட்டங்களுக்காக அத்தை ஊருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒன்று நிரம்பியது.